மறியலைத் தாண்டாதவர்கள்

ஹெப்பர்டன்,
14 ஜனவரி 2013

மாண்புமிகு மேயர் கிளிஃபோர்ட் ஹார்வுட் அவர்களுக்கு,

இத்துடன் ஒரு பிஸ்கட் டப்பா வருகிறது. திறந்ததும் எதையும் வாயில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது மேயரம்மா சங்கிலி. மனைவியை இழந்த மேயருக்கு அவருடைய தங்கையே மேயரம்மாவாக நிற்பது இந்த ஊர் வழக்கம் என்று சொல்லித்தானே போன மே மாதம் அதை என் கழுத்தில் மாட்டினீர்கள்? அன்றிலிருந்து நீங்கள் வெட்டிய ஒவ்வொரு ரிப்பனுக்கும் பக்கத்தில் நின்று கைதட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுட்டுக் கொடுத்த காய்ந்த கேக்கையெல்லாம் சிரித்துக்கொண்டே விழுங்கினேன். போதும். இன்றோடு நான் ராஜினாமா.

மரியாதை இத்தோடு முடிந்தது. கிளிஃப், உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா?

மூர்சைடு பகல் நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று நான் பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு அண்ணன் மேயர்! ஃபோன் போட்டுக் கேட்டால், லண்டன் அரசாங்கம் பணத்தை வெட்டிவிட்டது, ஏதாவது ஒன்றை மூடித்தான் ஆகவேண்டும், மேயராக இருக்கும் வருஷம் நான் எந்தப் பக்கமும் பேசக்கூடாது என்று பாடம் ஒப்பிக்கிறாய். அதனால்தான் ஃபோனை உன் காதிலேயே அறைந்து வைத்தேன். இனி உன்னோடு வாய் திறந்து பேசப்போவதில்லை. சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுது.

ஸ்டானுக்கு அந்த நிலையம் என்ன என்பது உனக்குத் தெரியாதா? பக்கவாதம் வந்த பிறகு என் புருஷன் வாயில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல். பசித்தாலும் 'பிரமாதம்', காலை மிதித்தாலும் 'பிரமாதம்'. வாரத்தில் மூன்று நாள் மஞ்சள் வேன் வருகிறது. நிலையத்தில் வேலை செய்யும் நுஸ்ரத் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போகிறாள். அங்கே குளிப்பாட்டுகிறார்கள், சூடாகச் சாப்பாடு போடுகிறார்கள், எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டு என்றால் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ வார்த்தைகள் வருகின்றன. அந்த மூன்று நாளில்தான் நான் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போகிறேன். அதை மூடினால் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், நான் அவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

ஏதாவது ஒன்றை மூடித்தான் ஆகவேண்டும் என்றால் உன் பௌல்ஸ் திடலை மூடு. வேலைவெட்டி இல்லாத கிழவர்கள் புல்லில் பந்து உருட்டுவதற்கு நகரமன்றத்துக்கு எங்கிருந்து பணம் வருகிறது?

நார்மா

---

மேயர் அலுவலகம்,
17 ஜனவரி 2013

அன்புள்ள நார்மா,

டப்பா வந்தது. சங்கிலியைச் சுற்றி எண்ணெய்த் தாள் வைத்திருக்கலாம், பிஸ்கட் தூள் கண்ணிகளுக்குள் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ திட்டியதில் பாதி எனக்கு வேண்டியதுதான். பத்திரிகையில் வருவதற்கு முன் நானே உன் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். கதவு வரைக்கும் வந்தேன். உள்ளே ஸ்டான் பாடும் சத்தம் கேட்டது, திரும்பிவிட்டேன். கூட வந்த என் நாய் வேறு என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

இப்போது மீதிப் பாதி. மன்றத்தில் மறு கட்சித் தலைவர் ஆஷ்வொர்த்தின் ஆட்கள் நிலையத்தை மூடச் சொல்கிறார்கள். நம் கட்சிக்காரர்கள் கூடாது என்கிறார்கள். என்னை விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சரிசமம். மேயர் ஓட்டுப் போடுவதில்லை, சமமாக வந்தால் மட்டும் போடுவார். அது உனக்கும் தெரியும். அப்படி வந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை, நீ ஃபோனை வைத்துவிட்டாய். பதில் சொல்லாததற்குக் காரணம் திமிர் இல்லை. பட்ஜெட் நிறைவேறாவிட்டால் லண்டனிலிருந்து ஆள் அனுப்புவார்கள் என்று மன்றச் செயலர் மிஸ் பார்லோ சொல்கிறார். வந்தவர்களுக்கு மூர்சைடும் தெரியாது, ஸ்டானும் தெரியாது. நிலையத்தோடு நீச்சல் குளத்தையும் நூலகத்தையும் சேர்த்து மூடிவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். அதனால் ஆஷ்வொர்த் பக்கம் கை தூக்கவேண்டி வருமோ என்றுதான் பயப்படுகிறேன். வீட்டுக்கே பணிப்பெண் அனுப்பும் ஏற்பாடு வரும் என்கிறார்கள், அது நல்லபடியாகவும் இருக்கலாம்.

திடல் பற்றி எழுதியிருந்தாய். அங்கே மேற்கு மூலையில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் போய்ச் சேர்ந்த என் மனைவி எட்னாவின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. தினமும் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் உட்காருகிறேன். கோபத்தில் மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

கிளிஃப்

---

ஹெப்பர்டன்,
29 ஜனவரி 2013

கிளிஃப்,

பெஞ்சை மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன். அதைப் பற்றி மேலே எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் வேறு விஷயத்துக்குப் போகிறேன்.

ஊரே பற்றி எரிகிறது, உனக்கு அந்தக் கண்ணாடி அறையில் தெரிகிறதா? பத்திரிகையில் என் கடிதத்தை முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை சந்தை வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினோம். மழை கொட்டியது, ஒருத்தரும் நகரவில்லை. போன வாரம் நீ புது நீரூற்றைத் திறந்துவைக்கக் கத்தரிக்கோலோடு வந்தபோது சக்கர நாற்காலிகள் வரிசையாக வந்து நின்றனவே, அது என் ஏற்பாடுதான். நீ ரிப்பனை வெட்டாமல் எல்லாரோடும் கை குலுக்கிக்கொண்டே போனதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டான் உன்னைப் பார்த்து 'பிரமாதம்' என்று கத்தினாரே, அது திட்டு.

எல்லாரும் நம் பக்கம் என்று நினைத்துவிடாதே. கறிக்கடை வரிசையில் கிளாடிஸ் ஹோல்ட் எனக்குக் கேட்கவேண்டும் என்றே பேசினாள்: "சிலருக்கு வீட்டு வாசல்ல வேன் வந்து நிக்குது, ஊர் சுத்திக் காட்டுது. நாங்க வரி கட்டிட்டு, குப்பை வண்டி வருமான்னு ஜன்னல்லயே நிக்கிறோம்." வரிசையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஸ்டானை ஒரு நாள் உன் கையில் ஒப்படைக்கிறேன், குளிப்பாட்டிச் சாப்பிட வைத்துக் காட்டு, அப்புறம் சுற்றுலாவைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னேன். கறிக்கடைக்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். வீட்டுக்குப் பணிப்பெண் அனுப்புவார்கள் என்கிறாயே, அடுத்த தெரு மார்ஜரி வீட்டுக்கு அப்படித்தான் ஒரு பெண் வருகிறாள். கோட்டைக் கழற்றக்கூட அவளுக்கு நேரம் இல்லை. முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறாள். அவளைக் குறை சொல்லவில்லை, அவளையும் யாரோ துரத்துகிறார்கள்.

இனி ஒன்று சொல்லவேண்டும், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. திடலை மூடு என்று உனக்கு எழுதியதையே பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன். உன் பதில் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன். மன்றத்தில் நம் கட்சி ஆளான ஆல்ஃப் டாட்டர்சால் அதைப் பிடித்துக்கொண்டார். ஆஷ்வொர்த்தின் பட்ஜெட்டுக்குத் திருத்தம் கொண்டுவரப் போகிறாராம்: நிலையம் இருக்கட்டும், அதற்குப் பதில் பௌல்ஸ் திடலை வீடு கட்டுபவர்களுக்கு விற்றுவிடுங்கள், மேயர் காரையும் மேயர் விருந்தையும் நிறுத்திவிடுங்கள் என்று. கணக்கும் சரியாக வருகிறதாம். திடலுக்குப் பதிலாக வேறு எதையாவது எழுதுங்கள் என்று ஆல்ஃபிடம் போய்க் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நிலையத்து ஊழியர்கள் பட்ஜெட் நாளன்று வேலைநிறுத்தம் செய்கிறார்கள். நகரமன்ற வாசலில் மறியல். நுஸ்ரத்தான் தலைமை. நான் டீயும் பட்டாணியும் கொண்டுபோகிறேன். உன் ஆஷ்வொர்த் எப்படி உள்ளே நுழைகிறான் என்று பார்க்கிறேன்!

நார்மா

---

மேயர் அலுவலகம்,
18 பிப்ரவரி 2013

அன்புள்ள நார்மா,

இதை அவசரமாக எழுதுகிறேன். எழுதியதும் நானே உன் கதவில் போட்டுவிட்டுப் போகிறேன். இந்த ஒரு தடவை மட்டும் கடைசி வரி வரைக்கும் படி.

மறியலை எடுத்துவிடச் சொல்.

ஆஷ்வொர்த்தின் ஆட்கள் மறியலைப் பார்த்து நிற்பார்கள் என்றா நினைக்கிறாய்? "எக்ஸ்க்யூஸ் மீ" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போவார்கள். சிலர் உன் டீயையும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அது வெறும் கூட்டம். நிற்கப்போவது யார் தெரியுமா? நம் ஆட்கள். ஆல்ஃப் டாட்டர்சால் தன் வாழ்நாளில் ஒரு மறியலைத் தாண்டியிருக்கிறாரா? மற்றவர்கள் தாண்டியிருக்கிறார்களா? நம் அப்பாவை நினைத்துப் பார். மில் வாசலில் மறியல் என்றால் சம்பளத்தை வாங்கக்கூட உள்ளே போகமாட்டார். கருங்காலி என்ற சொல்லை நம் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடாது என்று அம்மா தடை போட்டிருந்தாள், அவ்வளவு கெட்ட வார்த்தை அது. நிலையத்துக்காகக் கை தூக்க வேண்டிய அத்தனை பேரும் வாசலில் நின்றுவிடுவார்கள். உள்ளே ஆஷ்வொர்த்தின் ஆட்கள் மட்டும் உட்கார்ந்து, யாரும் எதிர்க்காமல் நிலையத்தை மூடிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நுஸ்ரத்திடம் பேசு. அன்று மறியல் வேண்டாம், அல்லது நிலையத்து வாசலிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

கிளிஃப்

---

19 பிப்ரவரி

மேயர் அவர்களுக்கு,

நன்றாக இருக்கிறது கதை. கூட்டத்துக்கு முன் வாசலைக் காலி செய்து கொடுக்கவேண்டும், அதற்கு என்னை வைத்தே வேலை வாங்கப் பார்க்கிறார்கள். ஆஷ்வொர்த் சொல்லி எழுதினாயா, மிஸ் பார்லோ சொல்லி எழுதினாயா? அப்பாவை வேறு இழுத்திருக்கிறாய். அப்பா இருந்திருந்தால் உன் சங்கிலியைப் பிடுங்கி நாய்க்குக் கட்டியிருப்பார்.

ஆல்ஃபுக்கு வயசானாலும் புத்தி கெடவில்லை. தன் ஓட்டைத் தானே வாசலில் விட்டுவிட்டு நிற்கிற அளவுக்கு யாரும் முட்டாள் இல்லை. மறியல் நடக்கும். நுஸ்ரத் பெண்களுக்கெல்லாம் பெரிய பெரிய அட்டை எழுதிவிட்டாள்.

நார்மா

---

20 பிப்ரவரி

நார்மா,

சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஆட்கள் வெளியே நின்றுவிட்டால் ஓட்டு சமமாகாது. சமமாகாவிட்டால் நான் எந்தப் பக்கமும் கை தூக்கவேண்டியதில்லை. என் திடல் தப்பும், எட்னாவின் பெஞ்சு தப்பும், உனக்கும் எனக்கும் நடுவில் எந்தப் பழியும் இருக்காது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும், எனக்கு எல்லாமே நல்லபடியாக முடியும்.

பிறகு எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று ஒரு தடவை யோசி.

நாளை நான் காலையிலேயே உள்ளே போய்விடுகிறேன். மறியல் வருவதற்கு முன் போனால் எதையும் தாண்டியதாகாது.

கிளிஃப்

---

(ஒரு துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கம், பென்சிலில்)

21 பிப்ரவரி. வாசலிலிருந்து

கிளிஃப் நீ சொன்னது சரி. எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். ஆல்ஃப் என் டீயைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார். கதவின் தபால் துவாரம் வழியாக இதைப் போடுகிறேன், யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். ஏதாவது செய். ஏதாவது!

நா.

---

ஹெப்பர்டன்,
22 பிப்ரவரி 2013

என் அருமை கிளிஃப்,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். காலையிலிருந்து ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நேரில் வந்து பேசலாம்தான், ஆனால் பேசமாட்டேன் என்று சொன்னது நான், அதை முறிப்பதற்கு முன் ஒரு கடிதமாவது மரியாதையாக எழுதவேண்டும்.

வாசலில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன் கேள். பனி பெய்துகொண்டிருந்தது. நுஸ்ரத்தும் பெண்களும் படிக்கட்டுக்குக் குறுக்கே நின்றார்கள், நான் பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டான் நாற்காலியில், தொப்பியும் கம்பளியுமாக. ஆஷ்வொர்த் வந்தான். நீ எழுதிய மாதிரியே தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு நடுவில் நுழைந்து போய்விட்டான்! அவன் ஆட்கள் பின்னாலேயே போனார்கள். பரவாயில்லை, நம் ஆட்கள் வரட்டும் என்று நின்றேன். வந்தார்கள். கோட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு மறியலுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு டீ வாங்கினார்கள். ஆல்ஃப் பட்டாணி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நேரமாகிறதே, உள்ளே போகவில்லையா என்று கேட்டேன். அவர் என்னை ஏதோ அசிங்கமாகப் பேசியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மறியலைத் தாண்டச் சொல்றியா நார்மா? உங்கப்பா பொண்ணா நீ?"

"ஓட்டு போச்சுன்னா நிலையம் போச்சு, ஆல்ஃப்!"

"போனா போகட்டும். என்னைக் கருங்காலின்னு பேர் வாங்கச் சொல்லாத."

நுஸ்ரத்தைப் பிடித்து உலுக்கினேன், நகர்ந்துகொள் என்றேன். அவள் அழுதேவிட்டாள். சங்கத்தில் ஓட்டுப் போட்டு எடுத்த முடிவாம், சங்கம் கூடாமல் அவள் ஒருத்தியாக மறியலை எடுக்கமுடியாதாம், செயலாளர் ரயிலில் எங்கேயோ பனியில் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் நகர்ந்தாலும் நான் போகமாட்டேன் என்றார் ஆல்ஃப். முறை என்றால் முறைதானாம். உள்ளே மணி அடிக்கும் சத்தம் கேட்டது. நான் உன்னைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதுதான் அந்தத் துண்டுக் காகிதத்தை எழுதித் துவாரத்தில் திணித்தேன்.

அப்புறம் கதவு திறந்தது பார்! முதலில் செங்கோலைத் தூக்கிக்கொண்டு சேவகர், பின்னால் நீ, சங்கிலியும் சிவப்பு அங்கியுமாக, அதற்குப் பின்னால் உன் நாய். மிஸ் பார்லோ தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வருகிறார். நுஸ்ரத்துக்குப் பக்கத்தில் நின்று நீ சொன்னாயே, "கூட்டத்தை எதிர்த்தாப்ல இருக்கிற சந்தைக்கு ஒத்திவெச்சிருக்கேன். சந்தை வாசல்ல மறியல் எதுவும் இல்லையே?" என்று. கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஆல்ஃப் என் கையில் கோப்பையைத் திணித்துவிட்டு ஓடினார் பார், அந்த முழங்காலோடு! உள்ளே உட்கார்ந்திருந்த ஆஷ்வொர்த் கூட்டம் பனியில் சறுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, ஸ்டானைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

மீன் கடைப் பெட்டி மேல் நீ ஏறி நின்றதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. ஐஸ் உருகி உன் அங்கி நனைந்துகொண்டிருந்தது. ஆல்ஃபின் திருத்தத்தைப் படித்தார்கள். கைகள் எழுந்தன. சரிசமம். நீ எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாய். கிளாடிஸ் ஹோல்ட்கூடப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்தாள். அப்போது ஸ்டான் கத்தினாரே 'பிரமாதம்' என்று, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாய், திருத்தத்துக்கு ஆதரவாக.

நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன், உன் பெயரைத்தான் கத்தினேன். அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் நம் சண்டை அங்கேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள். உள்ளே என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தாய், எல்லாவற்றையும் எழுது.

உன் நார்மா

---

வீட்டிலிருந்து,
24 பிப்ரவரி 2013

அன்புள்ள நார்மா,

கேட்டது.

உள்ளே நடந்ததில் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அறையில் நாயோடு உட்கார்ந்து ஒரு இறைச்சி அப்பத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டேன். மணி அடித்தது, மன்றத்துக்குள் போனால் ஒரு பக்கம் முழுக்க ஆட்கள், எதிர்ப்பக்கம் முழுக்கக் காலி நாற்காலிகள். ஆஷ்வொர்த் முகத்தில் சிரிப்பே அடங்கவில்லை. காவல்காரர் உன் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டத்தை ஒத்திவைக்கும் அதிகாரம் மேயருக்கு உண்டா என்று மிஸ் பார்லோவிடம் கேட்டேன். உண்டு என்றார். எங்கே ஒத்திவைக்கலாம் என்று கேட்டேன். ஊர் எல்லைக்குள் எங்கேயும் என்றார், சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து வெளியே போவதைத் தடுக்கும் மறியல் எந்த ஊரிலும் இல்லை.

ஏன் அப்படிக் கை தூக்கினேன் என்பதுதான் கஷ்டமான கேள்வி. உனக்காக என்று நினைத்துவிடாதே. அந்தப் பெட்டி மேல் ஏறும்வரைக்கும் எனக்கே தெரியாது. சட்டம் கேட்டது ஒரு பட்ஜெட், ஆல்ஃபின் திருத்தத்தோடும் அது பட்ஜெட்தான், லண்டன் ஆள் அனுப்ப வழியில்லை. ஆகவே என் பயத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. அதற்கு மேல் பார்த்தால், எதை மூடினாலும் யாராவது ஒருவர் அழத்தான் வேண்டும். எல்லாரும் இன்னொருத்தர் அழட்டும் என்று கை தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் என்னையே தேர்ந்தெடுக்க முடிகிற இடத்தில் நின்றேன். திடலில் விளையாடும் மற்றவர்களை அடுத்த நாள் போய்ப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பேர் என்னோடு கை குலுக்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான். காலையில் போய் உட்கார அவர்களுக்கும் வேறு இடமில்லை.

அடுத்த வருஷமும் லண்டன் வெட்டும், நார்மா. அப்போது கொடுப்பதற்கு என்னிடம் இன்னொரு திடல் இல்லை. அதையும் நினைவில் வைத்துக்கொள்.

ஏப்ரலில் புல்வெளியைச் சுற்றி வேலி போடுகிறார்கள். பெஞ்சைப் பெயர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டு முற்றத்தில் அதற்கு இடமில்லை. மூர்சைடு தோட்டத்தில் ஒரு மூலை கிடைக்குமா என்று நுஸ்ரத்திடம் கேட்டுச் சொல்வாயா? கிடைக்காவிட்டால் பரவாயில்லை, தகட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்கிறேன்.

கிளிஃப்

---

ஹெப்பர்டன்,
18 ஏப்ரல் 2013

கிளிஃப், என் கிளிஃப்,

நேற்று மாலைதான் ஃபோனில் அத்தனை நேரம் பேசினோம், இன்று எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதை ஃபோனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், உனக்குப் பாதி புரியாது. நீ வேறு மேயர் வேலையாகப் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறாய். அதனால் நிலையத்துச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெஞ்சு வந்துவிட்டது. ஆல்ஃபும் அவர் பேரனும் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கிளம்பும்போது ஆல்ஃப் கைக்குட்டையால் பித்தளைத் தகட்டைத் துடைத்துவிட்டுப் போனார். தோட்டத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நுஸ்ரத் வைத்திருக்கிறாள். மேசையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிறது.

இன்று பள்ளி விடுமுறை, அதனால் நானும் ஸ்டானோடு வேனில் வந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவரை அதில் உட்காரவைத்தோம். அவர் திரும்பி, நல்ல கையால் அந்தத் தகட்டைத் தடவினார். எழுத்து எழுத்தாக விரலை நகர்த்தினார். நான் 'பிரமாதம்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உதடு நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்த்தது. நுஸ்ரத் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்னா" என்றார்.

பாட்டு இல்லை, கிளிஃப். பேச்சு. அவராகப் படித்துச் சொன்ன பேச்சு. நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காரப் போனேன். என்னைத் தள்ளிவிட்டார். மறுபடியும் போனேன், மறுபடியும் தள்ளினார். அந்தக் காலி இடத்தைக் கையால் தட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தார். வேனிலிருந்து யார் இறங்கினாலும் பார்த்துவிட்டு மறுபடி தட்டினார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, அது உன் இடம்.

திங்கட்கிழமை வேன் உன் தெரு வழியாகத்தான் வருகிறது. நாயையும் கூட்டிக்கொண்டு வா. வரும்போது அந்தச் சங்கிலியை அதே பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டு வா, உன் மேயர் வருஷத்தில் இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருக்கிறது.

நார்மா